பெரணிக்குப் பூ வைத்த மேஸ்திரி

மார்ச் 2

சிஸ்டர் வீட்டுப் பெரணி இன்று பூத்தது.

பூக்க வைத்தது நான்தான். என் வாசல் செண்பகத்தில் இந்த வருஷத்து முதல் பூக்கள். ஒரு கைப்பிடி பறித்து, ஈர்க்குச்சியில் குத்தி, வேலியைத் தாண்டிப் போய் அவருடைய தொட்டிகளில் எல்லாம் செருகிவிட்டு வந்தேன். எழுபத்தொரு வயதில் வேலி தாண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேட்டி கொஞ்சம் கிழிந்தது. பிறகு ஒன்றும் தெரியாதவன் போல என் பக்கம் நின்று கத்தினேன்.

"சிஸ்டரு! ஓடியாங்க! உங்க செடி பூத்திருச்சுங்க!"

சிஸ்டர் காப்பி டம்ளரோடு வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார்.

"பெரணி பூத்தா உலகம் முடியப்போவுதுன்னு அர்த்தமாக்கும். நீரு போய்க் குளிச்சிட்டு ஜெபம் பண்ணும் மேஸ்திரி."

அவர் பெயர் ரோஸ்லெட். நான் மேஸ்திரி வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஏற்காட்டு மலையில் அவர் ஊசி போடாத ஆள் இல்லை, அதனால் எல்லோருக்கும் சிஸ்டர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இருபது வயதில் தனியாக மலை ஏறி வந்தவர், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவர் பேச்சு மட்டும் இன்னும் மலை ஏறவில்லை.

பூக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எறியவில்லை. காலி டம்ளரில் போட்டு உள்ளே கொண்டுபோனார். எறியவில்லை என்பதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 5

தண்ணீர் லாரி வரவில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வேட்டியைத் தைத்தேன்.

மார்ச் 9

வேலி ஓரத்தில் இன்று பெரிய வழக்கு. ஆரம்பித்தது நான்தான்.

"நம்ம மரத்தைப் பாருங்க சிஸ்டரு. பூவுக்குப் பூ, வாசத்துக்கு வாசம். காய் வெடிச்சா உள்ள செவப்பா விதை, குருவிக்குத் தீனி. உங்களுது? வருஷம் பூரா வெறும் தழை. ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருது. அதுவும் பேருல ரோஸ் வெச்சிருக்கறவங்க வளக்கற செடி!"

"உம்ம மரத்துக்கு எதுக்கும் ஒரு ஆளு வேணும் ஓய். வண்டு வந்தாத்தான் காயி. குருவி வந்தாத்தான் விதை தள்ளிப் போவும். அதுக்காக வாசத்தப் பூசிக்கிட்டு, நெறத்தக் காட்டிக்கிட்டு, போறவன் வாறவன எல்லாம் கூவிக் கூவிக் கூப்பிடும். வளத்தவரு மாதிரியேயாக்கும் மரமும்."

"அப்ப உங்க பெரணி?"

"எலைக்கு அடியில தூளு உண்டாவும். காத்தடிச்சாப் பறந்து போவும். ஆருக்கும் சொல்லாண்டாம், ஆரையும் கூப்பிடாண்டாம்."

"அப்ப அதுக்கு யாருமே வேண்டாமாக்கும்?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன்.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ஒரு சொட்டுத் தண்ணி வேணும். விழுந்த எடத்துல ஈரம் இல்லேன்னா ஒண்ணும் நடக்காது."

கூட்டிப்போய்க் காட்டினார். கிணற்றடியில் ஒரு பழைய செங்கல். அதன் மேல் பச்சையாக, காசு மாதிரி தட்டையாக, நகத்தளவில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாசி என்றுதான் நினைத்தேன். கிணற்றுச் சுவரில் முளைத்த காட்டுப் பெரணி போட்ட தூளில் இருந்து வந்ததாம். பார்த்தால் பெரணியின் சாயல் ஒரு துளிகூட இல்லை. இதன் மேல் தண்ணீர் நின்றால்தான் இதிலிருந்து நிஜப் பெரணி எழும்புமாம். எல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுமாம்.

"ஒரு வருஷமா! அதுக்குள்ள நாம போய்ச் சேந்துருவோம் சிஸ்டரு."

"பொறுமை இல்லாதவங்களுக்கு உள்ளது இல்ல பெரணி," என்றார்.

மார்ச் 10

அவரிடம் ஒரு வகைப் பெரணி இருக்கிறது. மேலே சாதாரணப் பச்சை. திருப்பினால் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. இன்று வேலிக்கு மேல் என் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் அந்த இலையை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். எடுத்தால் கையில் ஒரு வெள்ளைப் பெரணி! நரம்பு நரம்பாக அப்படியே பதிந்திருந்தது.

"அம்மாடி! பச்சை குத்திட்டீங்களே! நேத்து சொன்ன தூளு இதுதானா?"

அதற்குள் உள்ளே குக்கர் கத்தியது. ஓடிவிட்டார். இதுதான் தூள் என்று எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி கரண்டியால் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவவில்லை. கை கழுவும் சோப்பு தீர்ந்துவிட்டது. அதனால்தான்.

மார்ச் 18

சிஸ்டர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் மாற்றப் போனேன். ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருக்கும்போது, ஏதோ பருப்பு வாங்கச் சொல்வது போலச் சொன்னார்.

"அண்ணன் நாகர்கோவிலுக்கு வரச் சொல்லுதான். வயசான காலத்துல மலையில தனியா எதுக்குன்னு கேக்கான். மே மாசம் வண்டி அனுப்புவானாம்."

"நல்லதுங்க," என்றேன். "அங்க கடலு இருக்குது. தெனம் மீனு. நீங்க போயிட்டா இந்த மலையில ஊசிக்குப் பயப்படறவங்க எல்லாம் நிம்மதியாத் தூங்குவாங்க."

"நீரும் நிம்மதியா இருக்கலாம்."

"பின்ன? பூ திருடினேன், வேலி தாண்டினேன்னு பேச்சு கேக்க வேண்டாம் பாருங்க."

சிலிண்டர் சரியாக உட்காரவில்லை. மறுபடியும் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. நாற்பது வருஷமாகச் சிலிண்டர் மாட்டுகிறேன், இப்படி ஆனதே இல்லை.

மார்ச் 22

இன்று ஒரு வேலையும் ஓடவில்லை. செண்பகத்தடியில் உட்கார்ந்து ஒரு விதையை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே எண்ணெய்ப் பசையாக வெள்ளைப் பருப்பு. மரம் தன் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டித்தான் அனுப்புகிறது. நானும், இப்போது இல்லாத என் மனைவியும் மகள் தவமணியைக் கட்டிக்கொடுத்தபோது பீரோ, கட்டில், பாத்திரம், ஒரு மாதத்து அரிசி என்று லாரியில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பினோம். அந்த மாதிரி.

பெரணித் தூளுக்கு ஒன்றும் கிடையாது. வெறுங்கையோடு காற்றில் ஏறிவிடுகிறது. விழுந்த இடத்தில் ஈரம் இருந்தால் உண்டு. சிஸ்டர் ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார் என்று சொல்வார்கள். இங்கே யாரையும் தெரியாது. பேச்சும் யாருக்கும் புரியவில்லை.

எது உசத்தி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரிடம் மட்டும் மரம்தான் உசத்தி என்று சொல்லுவேன்.

மார்ச் 30

காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்தது. காப்பித் தோட்டம் எல்லாம் இன்னும் சில நாளில் வெள்ளையாகிவிடும். முதுகு வலி.

ஏப்ரல் 6

தவமணி போன் செய்தாள்.

"அப்பா, சாப்பிட்டியா?"

"ஆச்சு கண்ணு. சிஸ்டரு வீட்டுல இன்னைக்கு மீன் குழம்பு. தேங்கா அரைச்சு ஊத்தி, அவங்க ஊரு வகை. நான் சொன்னேன், இது குழம்பா, ஆஸ்பத்திரி மருந்தான்னு. அதுக்கு அவங்க..."

"அப்பா, எப்ப போன் பண்ணாலும் பாதிப் பேச்சு சிஸ்டரு கதையாவே இருக்குது."

"வேற யாரு இருக்கா இங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. பேத்திக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம்.

ஏப்ரல் 11

சிஸ்டர் நாகர்கோவில் கிளம்பினார். அண்ணன் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம். ஒரு வாரம் இருந்து வருவார். தொட்டிகளுக்கு நான் பொறுப்பு.

"தண்ணி மட்டும் ஊத்தும். வேற ஒண்ணும் செய்யாண்டாம். பூ குத்தி வைக்காதேயும்."

"இந்தத் தடவை தக்காளி கட்டித் தொங்க விடறேன்."

"அந்தப் பெரிய தொட்டியத் தொடவே தொடாதேயும். கேட்டீரா?"

பெரிய தொட்டியில் இருப்பது ஆஸ்பத்திரிப் பெரணி. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்தபோது சுவர் இடுக்கிலிருந்து பெயர்த்து எடுத்து வந்தது. பஸ் நகரும்போதும் ஜன்னல் வழியாக "பெரிய தொட்டி" என்று விரலைக் காட்டிக்கொண்டே போனார்.

ஏப்ரல் 15

நேற்றுச் சித்திரை பிறந்தது. பாயசம் வைக்கவில்லை, ஒரு ஆளுக்கு எதற்கு.

இன்று ஒரு ஆபத்தைத் தடுத்தேன். பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது குவளை இடித்து ஒரு இலை புரண்டது. அடியில் பழுப்பாகத் துரு! வரிசையாகப் புள்ளி புள்ளியாக. விரல் வைத்தால் பொடி ஒட்டியது. மற்ற இலைகளையும் திருப்பினேன். எல்லாவற்றிலும்.

இந்தத் துரு நோயை எனக்குத் தெரியாதா? காப்பி இலைக்கு அடியில் இதே பொடிதான் வரும். ஒரு செடியில் விட்டால் ஒரு சரிவே போய்விடும். நான் மேஸ்திரியாக இருந்த காலம் முழுக்க இலையைத் திருப்புவதும் கிள்ளுவதும் எரிப்பதும்தான் வேலை. தொடாதே என்றார்தான். வீடு தீப்பிடித்தால் தொடாதே என்று சொன்னார் என்று சும்மா இருக்க முடியுமா?

துரு பிடித்த இலைகளை எல்லாம் வெட்டி எரித்தேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த மருந்தை மிச்சத்துக்கு அடித்தேன். நடுவில் சுருண்டிருக்கும் குருத்து மட்டும் இருக்கிறது. மொட்டையாகத்தான் தெரிகிறது, ஆனால் பிழைத்துக்கொள்ளும்.

வந்ததும் சொல்ல வேண்டும். ஒரு மீன் குழம்பாவது தேறும்.

ஏப்ரல் 19

சிஸ்டர் வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராகப் பெரிய தொட்டிக்குப் போனார். நான் வேலி ஓரம் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"எனக்க பெரணிக்க எலை எங்க?"

"எரிச்சுட்டேனுங்க. துரு புடிச்சிருந்துச்சு. நல்ல வேளை நான் பாத்தேன். மருந்தும் அடிச்சாச்சு. கூலி வேண்டாம், குழம்பு போதும்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூ குத்தி வச்சீரு. சிரிச்சேன். எனக்க கோழிக்குப் பொட்டு வச்சீரு. அதுக்கும் சிரிச்சேன். இதுவும் வெளையாட்டா ஓய்?"

"ஐயோ, இல்லீங்க சிஸ்டரு..."

"அது துரு இல்ல. அதாக்கும் தூளு. இத்தன வருஷத்துல மொதல் தடவையா இப்பத்தான் வச்சுது."

"தூளு வெள்ளையால்ல இருக்கும்? என் கையில கூட..."

"அது வெறும் பவுடரு. முகத்துக்குப் பூசுற மாதிரி. பிள்ளை உண்டாவுறது பழுப்புல."

கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார். ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21

சிஸ்டர் பேசவில்லை.

ஏப்ரல் 23

காலையில் ஒரு பொட்டலம் காப்பித் தூள் கட்டி அவர் கேட்டில் தொங்கவிட்டேன். 'போன தூளுக்குப் புதுத் தூள்' என்று எழுதியும் வைத்தேன். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மாதையன் டீக்கடையில் அந்தப் பொட்டலம் இருந்தது. சிஸ்டர் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"மேஸ்திரி, சிஸ்டரு செடிய மொட்டையடிச்சுட்டீங்களாமே!" என்றான் மாதையன். "உங்கள மாதிரி குறும்புக்கார ஆளு இந்த மலையிலயே கெடையாதுங்க!"

"தெரியாம செஞ்சேன்டா."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"நெசமாத்தாண்டா. நோவுன்னு நெனச்சுத்தான் வெட்டினேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மாதையன் டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டான். நான் வாழ்நாளில் சொன்ன எந்த வேடிக்கைக்கும் இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26

அவர் வீட்டில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பீங்கானைச் செய்தித்தாளில் சுற்றும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

செண்பகம் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. தேனீக்கள் மொய்க்கின்றன. இந்த மரம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வதை நான் முன்பு கவனித்ததில்லை. வாசம் தலைவலியாக இருக்கிறது.

மே 1

காலையில் மேல் சரிவுக்குப் போனேன். ஒரு கிழட்டுக் காப்பிச் செடியில் துரு பிடித்த இலை கிடைத்தது. கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டுப் பெரணியில் பழுப்புப் புள்ளி வைத்த இலை ஒன்று பறித்தேன். களை என்று இந்தப் பெரணியை எத்தனை வண்டி வெட்டித் தள்ளியிருப்பேன்! ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. காப்பி இலையை மட்டும்தான் திருப்புவேன்.

இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, வேலி தாண்டாமல், கேட் வழியாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

சிஸ்டர் தட்டைப் பார்த்தார். இரண்டையும் திருப்பினார்.

"இது திட்டுத் திட்டா இருக்கு. இது வரிசையா இருக்கு. கண்ணு தெரியல்லியா உமக்கு?"

"உங்களுக்கு வேற வேற. அந்தத் துருவுக்குப் பயந்து பொழச்சவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. அடியில பொடியப் பாத்தா யோசிக்க மாட்டேன். கை தானா கிள்ளும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். காத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க."

"கடைசியில ஒரு கிண்டல் வரணுமே?"

"இல்லீங்க."

சிஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். பெட்டிகளுக்கு நடுவே வீடு எதிரொலித்தது.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டு வந்தேன் மேஸ்திரி. பெரணி தூளு வச்சிருக்கு, அத வெதச்சு, குட்டி எழும்பி, தொட்டிக்கு மாத்துத வரைக்கும் வரமாட்டேன்னு. ஒரு வருஷம். சரின்னுட்டான். வந்து பாத்தா நீரு எரிச்சுப் போட்டிருக்கீரு."

"குட்டிய அங்க கொண்டு போய் வைக்கறதுக்குங்களா?"

"நாகர்கோவில் வெயிலுல பெரணி நிக்குமா ஓய்?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ராத்திரி கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நிற்காது. அப்படியானால் அந்தக் குட்டிகள் கொண்டுபோவதற்கு இல்லை. ஒரு வருஷம் கேட்டது பெரணிக்காக இல்லை.

பல் தண்ணீரிலேயே கிடந்தது.

மே 2

மறுபடி போனேன்.

"அண்ணங்கிட்ட வெதச்சாச்சுன்னு சொல்லிருங்க சிஸ்டரு. வந்தா பாக்கப் போறாரு?"

"இல்லாத செடிய உண்டுன்னு சொல்ல எனக்கு வராது."

"அப்ப வேற காரணம் சொல்லுங்க."

"வேற காரணம் என்ன இருக்கு?" என்றார். கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். நாளைக்கு அண்ணன் போன் செய்யும் நாள் என்றும் சொன்னார்.

"மழை வரும்போல இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய் இது. ஒரு வார்த்தை கேட்டால் மழையைச் சொல்கிறது. அவர் பெரணியைப் பற்றி ஒன்று சொன்னாரே, யாருக்கும் சொல்ல வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று. கடைசியில் அந்தப் பெரணி நான்தான் போலிருக்கிறது. இத்தனை வருஷக் கூச்சலும் மேல்பக்கம். சொல்ல வேண்டியது எல்லாம் இலைக்கு அடியில்.

மே 3, ஞாயிறு

சிஸ்டர் ஞாயிறு ஜெபம் முடிந்து கோவிலிலிருந்து வந்த நேரம் பார்த்து அவர் வாசலுக்குப் போய் நின்றேன். பெட்டிகளுக்குக் கயிறு கட்ட ஆள் வேண்டுமா என்று கேட்கப் போனதாக வைத்துக்கொள்ளலாம். அவர் உள்ளே போய்க் கயிற்றோடு வரும்போது போன் அடித்தது. காது சரியில்லாததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"ரோஸ்லெட்டு, அந்தத் தூளு வெதச்சாச்சா?" அண்ணன் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

"இல்லண்ணே. எலை போச்சு."

"அப்ப இனி என்ன? செவ்வாக்கிழமை வண்டி அனுப்புதேன். சாமானெல்லாம் கட்டி வை."

சிஸ்டர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டேன், கட்டப் போகவில்லை.

"போகாதீங்க," என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. அவர் இன்னும் காத்திருந்தார். பின்னால் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"ஆரு அது பக்கத்துல?" என்றது போன்.

சிஸ்டர் போனை என் கையில் வைத்தார். "கேக்கான்லா. சொல்லும்."

"பொன்னுரங்கமுங்க ஐயா. பக்கத்து வீடு. எஸ்டேட்டுல மேஸ்திரியா இருந்தேன்."

"ஓ, அந்த மேஸ்திரியா. என்ன விஷயம்?"

"சிஸ்டரு வரலீங்க."

"ஏன்? பெரணிதான் போச்சுன்னு சொல்லுதாளே."

"பெரணிக்காக இல்லீங்க. நான்தான் போக வேண்டாங்கறேன். அவங்க போயிட்டா எனக்கு இங்க ஆகாதுங்க. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கறோம். அவங்களுக்குச் சம்மதம்னா."

லைன் போய்விட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன்.

"வெளையாடுதீரா?" என்றார் அண்ணன்.

"இல்லீங்க."

"போனை அவகிட்ட குடும்."

கொடுத்தேன். சிஸ்டர் ஸ்பீக்கரை அணைத்துக் காதோடு வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். இனி அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்கு.

"ஆமா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா."

அண்ணன் நீளமாக என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"எழுபத்தொண்ணு. மக சேலத்துல இருக்கா. பிரஷர் உண்டு. பல்லு கெட்டினது." மறுபடி கேட்டுக்கொண்டார். "இல்ல, கோவிலுக்கு எல்லாம் வரமாட்டாரு. மரத்தடியில கெடப்பாரு. வாயி மட்டும் அடங்காது."

நான் கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் திரும்பி என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார், வார்டில் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போல.

"ஆமாண்ணே," என்றார். "எல்லாம் தெரிஞ்சுதான்."